பனி அள்ளுமுன் நெஞ்சை நினையுங்கள்

பனி கொட்டிய மறுநாள் விடியற்காலையில் எங்கள் வீதிகளில் கேட்கும் முதற் சத்தம் சவள் உரசும் சத்தம்தான். வேலைக்கு ஓடும் அவசரத்தில் நித்திரைக் கண்ணோடு இறங்கி அள்ளத் தொடங்குகிறோம்.

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. 20 சென்ரிமீற்றர் பனி கொட்டிய மறுநாள், பனி கொட்டாத நாளோடு ஒப்பிட்டால், ஆண்களின் மாரடைப்பு மரணம் மூன்றில் ஒரு பங்கு அதிகமாம். பெண்களிடம் அப்படிக் காணப்படவில்லை. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மூச்சை அடக்கிப் பாரம் தூக்க இரத்த அழுத்தம் ஏறுகிறது. நீரிழிவும் கொலஸ்ரோலும் மலிந்த எங்கள் சமூகத்துக்கு இது சின்ன விடயமல்ல.

யப்பானின் நகவோகா நகரில் வீதியிலே குழாய் பதித்து, நிலத்தடி நீரைத் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். கெட்டித்தனம்தான். ஆனாலும் கூரைப் பனி தள்ள ஏறும் முதியவர்கள் விழுந்து இறப்பது அந்நாட்டில் இன்னும் நடக்கிறது. நோர்வேயில் சப்பாத்துக்கு அடியில் முள்ளுப்பட்டி மாட்டி நடப்பார்கள். எங்கள் அம்மம்மாமாருக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே!

அள்ளுவதென்றால் தூக்காமல் தள்ளுங்கள். ஈரப்பனி பாரம் கூடியது, பாதிச் சவள் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் இறங்க வேண்டாம். இருதய நோயுள்ளவர்கள் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சு இறுகினாலோ, கையோ தாடையோ உளைந்தாலோ சவளைப் போட்டுவிட்டு உடனே 911ஐ அழையுங்கள்.