தானா ராத்தாவில் கொதிக்கும் தண்ணீரும் எலியின் தீக்காயமும்

தானா ராத்தாவில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்குது. 100 டிகிரின்னு நினைக்கிறீங்களா? சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

தேநீருக்கு இது சின்ன விஷயம். எலித் தோலைச் சுட்டு தீக்காய மருந்தைச் சோதிப்பவர்களுக்கு அப்படியில்லை. ‘கொதிநீர், 10 விநாடி’ என்று மட்டும் எழுதினால், இங்கேயும் கோலாலம்பூரிலும் காயத்தின் ஆழம் ஒன்றாக இருக்கணும்னு இல்லை. அப்புறம் மருந்துதான் ஆற்றியதா, காயமே லேசானதா? தெரியாது. சோதனையைத் திரும்பச் செய்யணும், இன்னும் சில எலிகளைச் சுட்டு.

வெப்பமும் நேரமும் எவ்வளவு முக்கியம்னு மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947-லேயே காட்டிவிட்டார்கள்: 44 டிகிரியில் தோல் கெட சுமார் 6 மணி நேரம், 60 டிகிரியில் சில விநாடி. 1968-இல் வாக்கரும் மேசனும் எலிகளுக்கு அச்சு வைத்து, காயத்தின் பரப்பை ஒரே அளவாக்கினார்கள்.

விலங்கும் முக்கியம். எலியின் காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடும். பன்றித் தோல்தான் நம் தோலுக்கு நெருக்கம். செலவுதான் கையைக் கடிக்கும்.