கணினியின் முதற்கதவு



புதுக்கோட்டை நகரை அடுத்துள்ள கவிநாட்டுக் கண்மாயை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். வானத்து மழையை நம்பி வாழும் எங்கள் மாவட்டத்தில் இத்தகைய கண்மாய்களும் குளங்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. கண்மாய்க்குக் கரை உண்டு. கரையில் மடை உண்டு. கொள்ளளவுக்கு மிஞ்சிய நீர் வழிந்தோடக் கலிங்கும் உண்டு. எவ்வளவு பெய்வது என்பதை மேகம் நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை. அதனை அறிந்தே நம் முன்னோர் கலிங்கு கட்டினர். இந்த எளிய உண்மையைக் கணினி நிரல் எழுதுவோர் சில வேளைகளில் மறந்ததால் விளைந்த தீங்கினையும், அதற்குரிய காப்பினையும் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

கணினியின் மின்சாரத்தை நிறுத்தியதும் அதன் முதன்மை நினைவகம் வெறுமையாகிவிடுகிறது. மறுபடி பொத்தானை அழுத்தும்போது, பலகையிலேயே பதிந்துள்ள ஒரு நிரல் முதலில் விழிக்கிறது. அது வட்டிலிருந்து மற்றொரு சிறு நிரலை அழைத்துப் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சிறு நிரல், விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமையை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடுகிறது. இவ்விடை நிரலுக்கே பூட்லோடர் என்று பெயர். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றது. லினக்ஸ் கணினியைத் திறந்ததும், எந்த முறைமை வேண்டும் என்று கேட்கும் பட்டியல் தோன்றுமல்லவா? பெரும்பாலும் அதனைக் காட்டுவது 'கிரப்' என்னும் பூட்லோடர்தான்.

இத்தகைய நிரல்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டவை. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அம்மொழி, நினைவகத்தை நேரே கையாளும் உரிமையை நிரலாளருக்கு அளிக்கிறது. எல்லையைக் காக்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடுகிறது. 100 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 200 எழுத்து வந்து விழுந்தால், மிகுதி அடுத்த இடத்தில் பரவி, அங்கிருந்த செய்தியை அழிக்கும். அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் முகவரி அங்கே இருந்தால், நிரலின் போக்கே மாறிவிடும். தற்செயலாக நேர்ந்தால் அது விபத்து. ஒருவன் திட்டமிட்டுச் செய்தால் அது கொள்ளை.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 2015 டிசம்பரில், ஸ்பெயின் நாட்டு வலென்சியாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். கடவுச்சொல்லால் காக்கப்பட்ட கிரப், பயனர் பெயரைக் கேட்கும் இடத்தில், பேக்ஸ்பேஸ் விசையை 28 முறை அழுத்தினால், பழுதுபார்க்கும் முனை கடவுச்சொல் இன்றியே திறந்துகொள்ளும்! காரணம் யாது? ஒவ்வோர் அழுத்தத்திற்கும் எழுத்துக் கணக்கில் ஒன்றைக் கழித்த நிரல், கணக்கு ஏற்கெனவே சுழியா என்று பார்க்கவில்லை. ஆகவே தனக்குரிய இடத்திற்கு முன்னுள்ள நினைவகத்தையும் அழித்துக்கொண்டே சென்றது. 2009ஆம் ஆண்டில் புகுந்த இப்பிழை ஆறாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 'சுழியாக இருந்தால் கழிக்காதே' என்னும் சிறு நிபந்தனையே அதற்கு மருந்தாயிற்று.

இரண்டாவது, 2020 ஜூலை 29 அன்று எக்ளிப்சியம் நிறுவனம் அறிவித்த 'பூட்ஹோல்' என்னும் குறை. கிரப் தன் அமைப்புகளை ஓர் உரைக்கோப்பிலிருந்து படிக்கிறது. அதில் அளவுக்கு மீறி நீண்ட சொல் வந்தால், நிரலின் ஒரு பகுதி அதனைக் கண்டுபிடித்துவிடும். 'பெரும்பிழை' என்று அறிவிக்கவும் செய்யும். அறிவித்ததும் வேலை நின்றுவிடும் என்பது அப்பகுதியை எழுதியவர் கொண்ட எண்ணம். கிரப்பிலோ, பிழையை அச்சிட்டுவிட்டு நிரல் மேலே நடந்தது. நீண்ட சொல் அப்படியே இடத்தை மீறிப் பாய்ந்தது. கரை உடைகிறதென்று கூவிய காவலன், மடையை அடைக்காமல் வீடு சென்ற கதைதான் இது.

இக்குறையைப் பயன்படுத்த, கணினியில் நிர்வாகி உரிமையை முன்னமே பெற்றிருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் ஆபத்து சிறிதன்று. 'செக்யூர் பூட்' என்னும் ஏற்பாட்டில் ஒவ்வொரு நிரலும் அடுத்த நிரலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சோதித்தே அனுமதிக்கிறது. கிரப்பின் கையொப்பம் மெய்யானது. அது படிக்கும் அமைப்புக் கோப்பிற்கோ கையொப்பமே இல்லை. முத்திரை, அனுப்பியவர் யார் என்பதற்குச் சான்று. உள்ளே குறையில்லை என்பதற்குச் சான்றாகாது. இயக்க முறைமைக்கு முன்பே நுழைந்த பகைவனை, பின்னர் விழிக்கும் வைரஸ் தடுப்பு நிரல் காண்பது அரிது.

இனிக் காப்பு வழிகளைப் பார்ப்போம். முதலாவது, எதையும் அளந்து ஏற்றல். அளவு தவறினால் அங்கேயே நிற்றல். பூட்ஹோலுக்குப் பின் கிரப்பில் கூட்டல், பெருக்கல் எல்லை மீறுகிறதா என்று சோதிக்கும் முறைகளும் சேர்க்கப்பட்டன. இரண்டாவது, 2015இல் முதல் நிலைப் பதிப்பு வெளிவந்த ரஸ்ட் போன்ற, எல்லையைத் தானே காக்கும் மொழிகளைக் கையாளுதல். வன்பொருளை நேரே தொடும் சில வரிகளில் அங்கும் மனித விழிப்பு வேண்டும். மூன்றாவது, பூட்லோடரைச் சிறிதாக வைத்தல். வேண்டாத வசதி ஒவ்வொன்றும் ஒரு வேண்டாத வாயில். நான்காவது, தாறுமாறான உள்ளீடுகளை இலட்சக்கணக்கில் ஊட்டி, நிரல் எங்கே இடறுகிறது என்று முன்கூட்டியே அறிதல்.

ஐந்தாவதே கடினமானது. புதிய பூட்லோடரை அளித்தால் மட்டும் போதாது. குறையுள்ள பழையதற்கும் மெய்யான கையொப்பம் இருப்பதால், பகைவன் அதனையே கொண்டுவந்து நிறுத்துவான். ஆகவே பழையவற்றை விலக்குப் பட்டியலில் சேர்க்கவேண்டும். பூட்ஹோலுக்காகச் சேர்த்தவை மட்டுமே அப்பட்டியலுக்கான இடத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை விழுங்கின! அதனால் 2021இல், ஒவ்வொரு பூட்லோடருக்கும் தலைமுறை எண் அளித்து, குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழ்ப்பட்டவற்றை ஒருசேர விலக்கும் முறை வந்தது. 2020இல் திருத்தத்தை ஏற்ற சில லினக்ஸ் கணினிகள் தொடங்கவே மறுத்தன என்பதையும் மறைக்கலாகாது. திருத்தமும் சோதனைக்கு உட்பட்டதே.

நண்பர்களே, உங்கள் பாடக்குறிப்புகளுக்குப் படி எடுத்து வைத்துக்கொண்டு, வரும் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களில் சிலர் நாளை இத்தகைய நிரல்களை எழுதுவீர்கள். ஒவ்வொரு வரியிலும் உங்களையே கேளுங்கள்: 'நான் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வந்தால் என்ன ஆகும்? ஒன்றுமே வராவிட்டால் என்ன ஆகும்?' கவிநாட்டுக் கண்மாயில் கலிங்கு அமைத்தவர் வெயில் நாளிலேயே மழை நாளை எண்ணிப் பார்த்தவர். அந்த எண்ணம் நிரல் எழுதும் உங்களுக்கும் வாய்க்கட்டும்.