இடுப்புச் சிரை அழுத்தமும் ஸ்டென்ட் சிகிச்சையும்: ஒரு விளக்க நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நசுங்கிய இடுப்புச் சிரையை ஊசித்துளை வழியாக ஸ்டென்ட் பொருத்தி விரிக்கும் சிகிச்சையின் உடற்கூற்று அடிப்படை, செயல்முறை, வரம்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. படத்தில் தெரியும் குறுக்கம் மட்டுமே சிகிச்சைக்குரிய நோயாகாது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: இலியாக் சிரை, மே-தர்னர் நோய்க்குறித்தொகுதி, ஸ்டென்ட், குருதியுறைவு

முன்னுரை

வயிற்றுப் பெருந்தமனி இரண்டாகப் பிரிந்தபின், அதன் வலக்கிளை இடப்புறப் பொது இலியாக் சிரையைக் குறுக்கே கடந்து செல்கிறது. இடக்காலின் குருதியை இதயம் நோக்கிக் கொண்டுசெல்லும் வழி இச்சிரையே. இதன் முன்னே துடிக்கும் தமனியும் பின்னே ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பும் அமைந்துள்ளன. மென்சுவருடைய சிரை இவ்விரண்டிற்கும் இடையே நசுங்க நேர்கிறது.

ஆழ்சிரைக் குருதியுறைவு இடக்காலில் மிகுதியாகத் தோன்றுவதை ருடால்ஃப் விர்ச்சோ 1851இல் சுட்டினார். 1957இல் மே, தர்னர் ஆகியோர் 430 சடலங்களை ஆராய்ந்து, 22 விழுக்காட்டினவற்றில் இச்சிரையினுள் நார்த்திசு வளர்ச்சியைக் கண்டனர். இந்நிலை இன்று அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. கால் வீக்கம், கனம், தோல் கருமை, கணுக்காலருகே ஆறாப்புண் ஆகியன இதன் விளைவுகளாகும்.

செயல்முறை

தொடைச் சிரையிலோ முழங்காலின் பின்புறச் சிரையிலோ ஊசியால் துளையிட்டு வழிகாட்டுக் கம்பி செலுத்தப்படுகிறது. புதிய குருதிக்கட்டி இருப்பின் அது முதலில் கரைக்கப்படும் அல்லது அகற்றப்படும். சிரையினுள் செலுத்தப்படும் மீயொலிக் கருவி குறுக்கத்தின் அளவையும் நீளத்தையும் காட்டுகிறது. பின்னர்ப் பலூனால் சிரை விரிக்கப்பட்டு, தானே விரியும் நிட்டினால் வலைக்குழலாகிய ஸ்டென்ட் பொருத்தப்படுகிறது. பொதுவாக அதன் விட்டம் 14 முதல் 18 மில்லிமீட்டர் வரை அமையும். பெரிய கீறல் தேவையில்லை. உறைவெதிர்ப்பு மருந்தும் தொடர் கண்காணிப்பும் பின்னர்த் தேவைப்படும்.

தமனியும் சிரையும்

தமனி, குருதி செல்லும் திசையில் குறுகிச் செல்கிறது. சிரையோ இதயத்தை நெருங்க நெருங்க அகல்கிறது. ஆதலால் சிரையில் பிடிப்பின்றித் தளர்ந்த ஸ்டென்ட், குருதியோட்டத்தோடு இதயம்வரை சென்றுவிடக் கூடும். 2021இல் அமெரிக்காவில் ஒருவகைச் சிரை ஸ்டென்ட், இடம்பெயரும் இடர் கருதித் திரும்பப் பெறப்பட்டது. சரியான விட்டத்தையும் போதிய நீளத்தையும் தேர்வதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

குறுக்கமும் நோயும்

2004இல் வெளியான ஓர் ஆய்வு, கால் சார்ந்த அறிகுறியற்ற 50 பேரின் சி.டி. படங்களை ஆராய்ந்தது. அவர்களுள் 24 விழுக்காட்டினரிடம் இச்சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது. எனவே இவ்வழுத்தம் பலரிடம் இயல்பான உடலமைப்பின் கூறாகவே உள்ளது. மேலும், உடலில் நீர்ச்சத்து குறைதல், படுத்திருக்கும் நிலை ஆகியனவும் சிரையின் அகலத்தை மாற்றுகின்றன. குறுக்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், நலமுடைய ஓர் இளையவர் தேவையற்ற உலோகக்குழலை வாழ்நாள் முழுதும் சுமக்க நேரிடும். மறுபுறம், ஆறாப்புண்ணுக்குப் புறமருந்து மட்டுமே இட்டு, மேலுள்ள சிரைத்தடையை ஆராயாது விடின் அவருடைய துன்பம் ஆண்டுக்கணக்கில் நீளும்.

முடிவுரை

அறிகுறியின் கடுமை, அதற்கு வேறு காரணம் இன்மை, மீயொலி அளவீடு, அழுத்தக் காலுறை போன்ற எளிய முறைகளால் பயனின்மை ஆகியவை ஒருங்கே பொருந்தும் இடத்திலேயே இச்சிகிச்சை தன் பயனை முழுமையாகத் தருகிறது. குருதிக்கட்டி சிரையை அடைத்த நிலையில் மட்டும் எளிய முறைகளின் பயனைக் காணக் காத்திராது முடிவெடுக்க நேரலாம். படம் குறுக்கத்தைக் காட்டும். அதனை நோயெனத் துணிவதற்கு நோயாளியின் உடல்நிலையே சான்றாக வேண்டும்.