ஒரு மாணவனின் கோடை விடுமுறை

பரீட்சை முடிந்ததும் மாணவர் விடுமுறையை எவ்வாறு கழிப்பர் என்பதைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். 1921ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவின் ரொறொன்ரோ பல்கலைக் கழகத்தில் ஒரு மாணவன் கழித்த விடுமுறையைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

நம்மவர் சீனி வியாதி என வழங்கும் நீரிழிவு, அந்நாளிற் பிள்ளைகளுக்கு வந்தாற் கடும்பத்தியமே வைத்தியம். உணவைக் குறைத்து ஆயுளைச் சிறிது நீட்டினர். பிள்ளையோ எலும்புந் தோலுமாகி இறந்தது. சதையி என்னும் உறுப்பிலுள்ள நுண்ணிய தீவுகளில் ஊறும் ஒரு பொருளின் குறைவே நோய்க்குக் காரணமென அறிஞர் கருதினர். (அத்தீவுகளை 1869இற் கண்டு விபரித்த லங்கர்கான்சும் அப்போது மாணவரே!) ஆயினும் அப்பொருளை நோயாளருக்குப் பயன்படுமாறு பிரித்தெடுத்தாரில்லை.

பான்ரிங் என்னும் இளஞ் சத்திரவைத்தியர் ஒரு வழி கூறினார். சதையியின் நாளங்களைக் கட்டிவிட்டால் சமிபாட்டு நீரைச் சுரக்கும் பகுதி நலிந்துபோகும், தீவுகள் எஞ்சும், அவற்றின் சாற்றை எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். பேராசிரியர் மக்லியொட் அவருக்கு ஆய்வுகூடத்தையும் நாய்களையும் அளித்தார். உதவிக்கு நின்ற மாணவர் இருவர். முதலில் யார் என்பதைக் காசு சுண்டித் தீர்த்தனர். முறை 22 வயதினரான சாள்ஸ் பெஸ்றுக்கு விழுந்தது. மற்றவரின் முறை பின்னர் வரவேயில்லை.

குருதியிலும் சிறுநீரிலும் சர்க்கரையை அளப்பதே பெஸ்றின் வேலை. தொடக்கத்தில் அவர் அளவைகள் நம்பத்தக்கனவாயில்லை. அழுக்கான கண்ணாடிக் கலங்களைக் கண்ட பான்ரிங் கடுமையாகக் கண்டித்தார். பெஸ்ற் இரவிரவாக இருந்து அனைத்தையுங் கழுவி வைத்தாராம். அவ்விரவுதான் அவரை ஆய்வாளராக்கியது என்பது, கலைப்பட்டதாரியாகிய என் துணிபு. விஞ்ஞான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

யூலை 30ஆந் திகதி, சதையி நீக்கப்பட்ட ஒரு நாய்க்குச் சாற்றை ஏற்றினர். ஒரு மணி நேரத்துக்குள் குருதிச் சர்க்கரை 0.20 வீதத்திலிருந்து 0.12 வீதமாயிற்று. அந்த நாய் மறுநாள் இறந்தது. ஆயினும் இறங்கிய அந்த எண் பெஸ்றின் கையால் அளந்த எண். அதனை நம்பி அவர்கள் மேலே சென்றனர்.

1922 சனவரி 11இல், லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது, பயன் சிறிதே. கொலிப் என்னும் இரசாயன அறிஞர் தூய்மையாக்கிய சாறு சனவரி 23இல் ஏற்றப்பட்டபோது சர்க்கரை இறங்கியது. சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923இல் நோபெல் பரிசு பான்ரிங்குக்கும் மக்லியொட்டுக்குமே கிடைத்தது. பெஸ்றின் பெயர் அதில் இல்லை. செய்தி அறிந்த பான்ரிங், தம் பங்குப் பணத்திற் பாதியைத் தம் மாணவத் துணைவருக்கு உரியதென அறிவித்தார். மக்லியொட்டும் தம் பங்கிற் பாதியைக் கொலிப்புக்கு அளித்தார்.