விதிமுறைகள் வகுத்த குளிர்ச்சி

சிங்கப்பூரில் குளிரூட்டி இன்று ஆடம்பரப் பொருளாகக் கருதப்படுவதில்லை. இந்நாட்டின் வளர்ச்சிக்குத் துணைநின்ற கண்டுபிடிப்புகளுள் குளிர்சாதன வசதிக்கு முதற்பிரதமர் லீ குவான் யூ உயர்ந்த இடம் அளித்தார் என்பதைப் பலரும் அறிவர். அன்று அலுவலகங்களில் தொடங்கிய அக்குளிர்ச்சி இன்று அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை வரை வந்துவிட்டது. எந்தக் குளிரூட்டியை வாங்குவது என்பது குடும்பத்தின் சொந்த முடிவு என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் நாம் கடைக்குள் நுழையும் முன்பே அம்முடிவின் பெரும்பகுதியை அரசாங்க விதிமுறைகள் எடுத்துவிடுகின்றன. அஃது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

கருவியின் இயல்பு

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குளிரூட்டி என்னும் சொல் குளிரை ஊட்டும் கருவி எனப் பொருள்படும். உண்மையில் அக்கருவி அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும் பணியையே செய்கிறது. குழாய்களில் ஓடும் குளிர்பொருள் அறைக்குள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. சுவருக்கு வெளியே மீண்டும் திரவமாகி அவ்வெப்பத்தை விடுகிறது. இச்சுழற்சியை நடத்தும் கம்ப்ரசரே மின்சாரத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது.

வெளியேற்றிய வெப்பத்தைச் செலவிட்ட மின்சாரத்தால் வகுத்தால் கருவியின் செயல்திறன் கிடைக்கும். ஓர் அலகு மின்சாரத்தால் மூன்று அலகு வெப்பத்தை வெளியேற்றும் கருவியை விட்டு, ஐந்து அலகு வெளியேற்றும் கருவியை நாடினால், அதே குளிர்ச்சி 40 விழுக்காடு குறைந்த மின்சாரத்தில் கிட்டும்.

அறிவித்தலும் விலக்கலும்

இக்கணக்கைக் கடையில் நின்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. எனவே 2008ஆம் ஆண்டில் குளிரூட்டிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் எரிசக்தி வில்லையைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. அவ்வில்லையிலுள்ள சரிக்குறிகள் எத்துணை மிகுதியோ அத்துணை மின்சாரம் மிச்சம். 2011ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் செயல்திறன் தரமும் நடைமுறைக்கு வந்தது. அத்தரத்தை எட்டாத கருவியை இங்கு விற்க இயலாது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை வாடகை வீட்டில் தெளிவாகக் காணலாம். அங்குக் கருவியை வாங்குபவர் வீட்டு உரிமையாளர். மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். விலை மலிந்த கருவியை வாங்கினால் உரிமையாளருக்கு இலாபம். அதன் சுமை மாதந்தோறும் குடியிருப்பவர்மேல் விழும். வில்லை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அவரைக் காக்காது. குறைந்தபட்சத் தரமே அவரைக் காக்கிறது.

அளவுகோல் வளர்த்த தொழில்நுட்பம்

பழைய குளிரூட்டிகள் முழு வேகத்தில் ஓடும்; அறை குளிர்ந்ததும் நிற்கும்; பின்னர் மீண்டும் முழு வேகத்தில் தொடங்கும். இன்வெர்ட்டர் வகைக் கருவியோ தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுகிறது. சிங்கப்பூரில் அத்தகைய கருவியின் செயல்திறனைக் கணக்கிடும்போது, முழுச் சுமையில் காட்டும் திறனுக்கு 40 விழுக்காடும் பாதிச் சுமையில் காட்டும் திறனுக்கு 60 விழுக்காடும் மதிப்பளிக்கப்படுகின்றன. அறை குளிர்ந்தபின் இரவு முழுவதும் கருவிக்குப் பாதி வேலையே இருக்கும் என்பதால் இது பொருத்தமான கணக்கே. மெதுவாக ஓடும் ஆற்றலுக்கு மதிப்பெண் மிகும்போது உற்பத்தியாளரும் அதையே நாடுகிறார். இவ்வாறு அளவுகோல் ஒன்றே ஒரு தொழில்நுட்பத்துக்கு வழிதிறந்துவிடுகிறது.

குளிர்பொருளின் கதையும் இத்தகையதே. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. படலத்தைச் சிதைக்கும் பொருள்களுக்கு மாற்றாக வந்தவை புவியை வெப்பமாக்குவன என்பதால் 2016இல் கிகாலித் திருத்தம் அதனுடன் சேர்ந்தது. ஆர்-410ஏ என்னும் குளிர்பொருள் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2,088 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றலுடையது. ஆர்-32 என்பதற்கு அது 675 மடங்கு. 2022 அக்டோபர் முதல், இல்லங்களுக்கான புதிய குளிரூட்டிகளுக்கு 750 என்னும் வரம்பை தேசிய சுற்றுப்புற வாரியம் விதித்தது. எந்தக் குளிர்பொருள் சந்தையில் நிற்கும் என்பதை அவ்வெண்ணே முடிவுசெய்தது. ஆர்-32 சிறிதளவு தீப்பற்றும் தன்மையுடையது. ஆதலின் பயிற்சி பெற்றவரே அதனைக் கையாள வேண்டும்.

செலவு யாருக்கு?

நமது மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படுகிறது. 2019இல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024இல் 25 வெள்ளியானது. 2026க்கு 45 வெள்ளி என வகுக்கப்பட்டது. இவ்வரியின் ஒரு பகுதி மின்கட்டணத்தின் வழியே இல்லங்களையும் வந்தடைகிறது. மலிவான கருவிகள் சந்தையிலிருந்து மறைய, திறன்மிக்கவற்றின் விலையோ தொடக்கத்தில் உயர்ந்து நிற்கிறது. குறைந்த வருமானமுள்ள குடும்பம் பின்னால் மிச்சமாகும் தொகையை நம்பி முன்பணம் திரட்டுவது எளிதன்று. 2024இல் வீவக வீடுகளில் வாழும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட 300 வெள்ளிப் பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சியாகவே நாம் கொள்ளலாம். ஐந்து சரிக்குறி பெற்ற குளிரூட்டிக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

விதிமுறைக்கும் எல்லையுண்டு. எந்தக் கருவி விற்கப்படும் என்பதை அது தீர்மானிக்கலாம். எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத் தீர்மானிக்க இயலாது. மிச்சமாகும் மின்சாரத்தை நம்பி நேரத்தைக் கூட்டினால் பயன் கரைந்துபோகும். நம் அறையிலிருந்து வெளியேறும் வெப்பமும் எங்கும் மறைந்துவிடுவதில்லை. குளிரூட்டியின்றிச் சன்னலைத் திறந்து வைத்திருக்கும் அண்டை வீட்டாரின் காற்றில்தான் கலக்கிறது. வெப்பநிலையை 25 பாகையில் வைத்து, மின்விசிறியைத் துணைக்கொண்டு, வடிகட்டியைக் காலந்தோறும் தூய்மை செய்வது நம் கட்டணத்தைக் குறைப்பதோடு அவர்களுக்கும் நாம் செய்யும் உதவியாகும்.