ஒரு ஒயின் பாட்டிலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் வட்டிக் கணக்கு

வொர்க்கிங் கேப்பிட்டல் வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி: "சரக்கு குடோன்ல சும்மாதானே கிடக்கு, அதுக்கு என்ன சார் செலவு?"

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இத்தாலியில் இருக்கு. குடிக்கச் சொல்லி எழுதலை. கணக்கை மட்டும் பார்ப்போம்.

டஸ்கனி கடற்கரையை ஒட்டிய பொல்கேரி என்ற ஊரில் தெனுதா சான் குயிதோ என்று ஒரு எஸ்டேட். அதன் ஒயின் பெயர் சஸ்ஸிகாயா. கல் நிறைந்த நிலம் என்று அர்த்தம். மாரியோ இன்சீசா டெல்லா ரொக்கெட்டா என்பவர் 1944-ல் அங்கே பிரான்ஸின் போர்தோ பகுதி திராட்சைக் கொடிகளை நட்டார். போர்தோவிலும் சரளைக்கல் நிலத்தில்தான் கேபர்னே சொவினியான் நல்லா வரும்.

போர்தோ ஸ்டைல் என்றால் ஒரே ரகத்தை நம்பாமல் கலப்பது. ஒவ்வொரு ரகமும் வேறு வேறு நேரத்தில் பழுக்கும். மழையோ பனியோ ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று தப்பிக்கும். நம்ம டைவர்சிஃபிகேஷன்தான்! சஸ்ஸிகாயாவில் சுமார் 85% கேபர்னே சொவினியான், 15% கேபர்னே ஃப்ராங்.

இப்போ பணம் எங்கெல்லாம் மாட்டுதுன்னு பாருங்க:

1. கொடி நட்டு உருப்படியான மகசூல் வர சுமார் 3 வருஷம்.
2. அறுவடைக்குப் பிறகு, பழத்தோலோடு ஸ்டீல் தொட்டியில் நொதிக்க வைப்பாங்க. இது சில வாரங்களில் முடிஞ்சிடும்.
3. 225 லிட்டர் ஃப்ரெஞ்சு ஓக் பீப்பாயில் சுமார் 24 மாதம். மரத்தின் வழியா கொஞ்சம் ஆவியாகும், அப்பப்போ நிரப்பணும்.
4. பாட்டிலில் அடைத்த பிறகும் சில மாதம். 6 மாதம்னு வச்சுக்குவோம்.

ஆக, பீப்பாய்க்குள் போன பணம் வெளியே வர இரண்டரை வருஷம். ஒரு பீப்பாய்க்கு 300 பாட்டில். பாட்டிலுக்கு 1,000 ரூபாய் அடக்கம், கடன் வட்டி 10% என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கூட்டு வட்டி போட்டால் 1,000 ரூபாய் சுமார் 1,269 ரூபாய் ஆகிடும். ஒரு பீப்பாய்க்கு 80,000 ரூபாய்க்கு மேல, வெறும் காத்திருப்புக்கு!

சாதாரணமா முடிந்த சரக்கின் குடோன் செலவை அடக்கவிலையில் சேர்க்க மாட்டோம். ஆனா காத்திருப்பதே தயாரிப்பின் ஒரு கட்டம் என்றால் சேர்க்கணும். பீப்பாயில் ஊறும் ஒயின் அப்படித்தான். அங்கே சரக்கு "சும்மா" கிடக்கலை.

இன்னொரு காத்திருப்பும் உண்டு. 1948 முதல் 1967 வரை இந்த ஒயின் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். கடைக்கு வந்த முதல் அறுவடை 1968-ஓடது. அதாவது நட்டு 24 வருஷம் கழித்து! வந்த பிறகும், இத்தாலிய விதிகளுக்குள் பொருந்தாததால் "டேபிள் ஒயின்" என்ற கடைசி வகுப்பு லேபிள்தான். மேல் வகுப்பான டிஓசி அந்தஸ்து 1994-ல் கிடைத்தது. 2013-ல் அந்த ஒரு எஸ்டேட் ஒயினுக்கே தனி டிஓசி.

"பொறுமை இருந்தா ஜெயிக்கலாம்"னு இங்கே முடிச்சா அது பாதி உண்மைதான். மாரியோவுக்குப் பெரிய நிலம் இருந்தது. ரேஸ் குதிரை வளர்ப்பிலும் பங்கு இருந்தது. 1955, 1956 இரண்டு வருஷமும் பாரிஸின் ஆர்க் பந்தயத்தை ஜெயித்த ரிபோ அந்தப் பண்ணைக் குதிரை. மாரியோ வீட்டு அடுப்பு அந்தப் பீப்பாயை நம்பி எரியலை.

நமக்கு? வாடகையும் இஎம்ஐயும் போக மிச்சம் நிற்காத சம்பளத்திலிருந்து பெரிய எஸ்ஐபி போட்டால், மார்க்கெட் இறங்கிய மாசம் ஒரு ஆஸ்பத்திரி பில் வந்தாலே போதும், நஷ்டத்தில் விற்க வேண்டி வரும். பத்து மாசத்தில் பீப்பாயைத் திறந்த மாதிரி.

முதல்ல 6 மாத வீட்டுச் செலவைத் தனியா எடுத்து வையுங்க. அப்புறம் பீப்பாயை மூடுங்க.