லோடு ஏற்றினால் பிரேக் பிடிக்கவில்லையா? பிக்கப்பின் பின்பக்க வால்வைக் கவனியுங்கள்!

முருங்கைக்காய், தேங்காய், கொப்பரை, மாட்டுத் தீவனம், விசைத்தறிக்கு நூல் மூட்டை... வெள்ளகோவில் வட்டாரத்தில் எதை நகர்த்துவதானாலும் முதலில் தேடுவது பிக்கப் வண்டியைத்தான். மூலனூர், முத்தூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் காயோடு கிளம்பி, மதியத்துக்குள் காலி வண்டியாகத் திரும்பி, மாலையில் மீண்டும் மூட்டை ஏற்றுவது இங்கே வழக்கம். ஒரே நாளில் ஒரே வண்டி, ஒரு தடவை ஒரு டன்னுக்கு மேல் சுமக்கிறது. மறு தடவை வெறுமனே ஓடுகிறது. இந்த இரண்டு நிலைக்கும் ஒரே மாதிரி பிரேக் பிடித்தால் ஆபத்து. அதைச் சமாளிக்கத்தான் பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே ஒரு சிறிய வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. அது கெட்டுப்போனதே தெரியாமல் ஓடும் வண்டிகள் ஏராளம்.

என்ன வேலை செய்கிறது இந்த வால்வு?

பிரேக் மிதித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. காலி வண்டியில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. அந்த நேரத்தில் பின் சக்கரங்களுக்கும் முழு அழுத்தம் போனால், அவை சுழலாமல் பூட்டிக்கொண்டு தேயும். வண்டியின் வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பும். மழை ஈரத்தில் வண்டி சுற்றியே நின்றுவிடும்.

லோடு ஏறினால் கதை வேறு. எடையில் பெரும்பகுதி பின் அச்சின் மேல் உட்காருகிறது. இப்போது பின் சக்கரங்கள் நன்றாகப் பிடித்தாக வேண்டும். இந்தக் கூடுதல் குறைச்சலைப் பார்த்துக்கொள்வதுதான் எல்.எஸ்.பி.வி. எனப்படும் சுமை உணரும் வால்வு. வால்வு சேஸிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு நெம்புகோலோ ஸ்பிரிங்கோ பின் அச்சோடு இணைந்திருக்கும். சுமை ஏறி சேஸிஸ் கீழே இறங்க இறங்க, அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளி குறையும். நெம்புகோல் நகரும். பின் பிரேக்குக்குப் போகும் ஆயில் அழுத்தம் கூடும். லோடு இறக்கியதும் பழையபடி குறையும்.

கெட்டுப்போவது எப்படி?

நெம்புகோலின் மூட்டில் சேறும் துருவும் ஏறி இறுகிப்போவது முதல் காரணம். வரப்போரச் சேறு, சாண எரு ஏற்றும்போது வழியும் ஈரம், வண்டியைக் கழுவாமல் விடுவது எல்லாம் சேர்ந்து நாளடைவில் நெம்புகோலை அசையவிடாமல் செய்துவிடும். இரண்டாவது, ஸ்பிரிங் உடைவது அல்லது இணைப்பு கழன்று போவது. சில வண்டிகளில் அதைக் கட்டுக்கம்பியால் கட்டி ஓட்டுவதும் உண்டு. மூன்றாவது, வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சீல் கெட்டு ஆயில் கசிவது, அல்லது உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்வது.

நான்காவதுதான் பலரும் கவனிக்காதது. கூடுதல் லோடு தாங்கட்டும் என்று பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டிப் போடுகிறார்கள். பட்டை கூடியதும், எவ்வளவு ஏற்றினாலும் சேஸிஸ் முன்போல இறங்காது. இடைவெளி குறையாததால் வால்வு, வண்டி காலியாகத்தான் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். லோடு கூடியும் பின் பிரேக்கின் பலம் கூடாது.

இப்படி ஆகிவிட்டால் நிறுத்தும் வேலை முழுவதும் முன் சக்கரங்களின் தலையில் விழும். இதனால் வண்டி நிற்கும் தூரம் எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்து மிதியில் கால் வைக்க ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே 17 மீட்டர் போயிருக்கும். காய்ந்த சாலையில் பிரேக் நன்றாகப் பிடித்தால் அதற்கு மேல் சுமார் 23 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் 40 மீட்டர். பிரேக்கின் பலம் பாதியாகிவிட்டால் அந்த 23 மீட்டர் 46 ஆகும். மொத்தம் 63 மீட்டர். கரூர் – கோவை நெடுஞ்சாலையில் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரியவர் மொபெட்டில் குறுக்கே வந்தால், இந்த 23 மீட்டர் வித்தியாசம்தான் அவருடைய உயிர்.

அறிகுறிகள்

காலி நிலையிலேயே வால்வு சிக்கியிருந்தால், லோடோடு போகும்போது வண்டி நிற்கத் தாமதமாகும். முன் பிரேக் பேடுகள் சீக்கிரம் சீக்கிரமாகத் தேயும். பின் லைனிங் மட்டும் புதுசாகவே இருக்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் முன் சக்கரத்தில் கருகல் வாசம் வரும்.

லோடு நிலையிலேயே சிக்கியிருந்தால், காலியாக வரும்போது லேசாக மிதித்தாலே பின் டயர் கிறீச்சிடும். ஈர ரோட்டில் வால் வழுக்கும்.

வால்வைச் சுற்றி ஈரம் படிந்திருந்தாலோ, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தாலோ, அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

மாற்றும் முன் சோதனை

வால்வு விலை கூடிய பாகம். அதை மாற்றியும் பிரேக் சரியாகாமல், கோளாறு வேறு இடத்தில் இருந்தது பிறகு தெரியவந்தால் பணம் வீண். அதனால் இந்த வரிசையில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

முதலில் பின் டிரம்களைக் கழற்றி லைனிங், வீல் சிலிண்டர், அட்ஜஸ்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். அட்ஜஸ்டர் தூசியில் இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அடுத்து, பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிதி பஞ்சு போல அமுங்கினால் காற்று இருக்கலாம். பிறகுதான் வால்வு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காலி வண்டியில் நெம்புகோல் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளவும். மூட்டைகளை ஏற்றிவிட்டு மறுபடியும் பார்க்கவும். நகரவே இல்லை என்றால் மூட்டு இறுகியிருக்கிறது, இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது பட்டை கூடியிருக்கிறது. மூட்டைச் சுத்தம் செய்து, இணைப்பைச் சரிசெய்த பிறகும் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடவில்லை என்றால் வால்வுக்குள் கோளாறு. முன், பின் பிரேக் குழாய்களில் அழுத்தமானி மாட்டிப் பார்த்தால் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு மாடலுக்கும் வால்வு வேறு. சேஸிஸ் எண்ணைச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பு. பழைய வால்வைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கின் நீளம், நெம்புகோலின் இடைவெளி ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

துருப்பிடித்த குழாய் நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு நீக்கும் திரவம் அடித்து ஊறவிட்டால், குழாய் முறுக்கிக்கொண்டு உடையாது. வால்வை அமைக்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு அளவு வைத்தால் அது தப்பான அளவு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது.

இடைவெளியைக் கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கே வைக்க வேண்டும். டப்பா மூடியில் எழுதியிருக்கும் ரக ஆயிலையே, சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து, பிரேக்கைக் கைவிட்டுவிடும். என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பி, பிரேக் அமைப்பே பாழ். கடைசியாக, கையேட்டில் உள்ள வரிசைப்படி காற்றை வெளியேற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாகக் காலி வண்டியிலும், அடுத்து பாதி லோடிலும் பிடித்துப் பார்த்த பின்பே ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

வால்வை எடுத்துவிட்டு குழாயை நேராக இணைத்துவிடலாமா?

கூடாது. லோடில் நன்றாகப் பிடிப்பது போலத்தான் இருக்கும். காலியாகத் திரும்பும்போது பின் சக்கரம் பூட்டி வண்டி சுற்றும். மிச்சப்படுத்திய பணம் ஒரு விபத்துக்குக் காணாது.

புது வண்டியில் இந்த வால்வையே காணோமே?

ஏ.பி.எஸ்., இ.பி.டி. உள்ள வண்டிகளில் இந்த வேலையை மின்னணுக் கருவி செய்யலாம். அதில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே கருவியை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். பேட்டரி, ஃபியூஸ், எர்த், சக்கர சென்சார், எலி கடித்த ஒயர் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லவும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்கப்பின் பின்னால் இழுக்கும் டிரெய்லருக்கு மின்சார பிரேக்கும், அதற்கென்று ஓட்டுநர் அருகில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் உண்டு. அங்கேயும் கருவியைக் குறைசொல்லும் முன் எர்த்தையும் இணைப்பையும் பார்ப்பதுதான் முறை.

எஃப்.சி.க்கு முன் பார்த்தால் போதாதா?

சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. மாதம் ஒருமுறை வண்டியைக் கழுவும்போது நெம்புகோலையும் கழுவி, அசைகிறதா என்று பார்த்தால் போதும்.

அதிக லோடுக்குப் பட்டை கூட்டுவது தவறா?

வண்டிக்கு அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அபராதத்தை ஒருமுறை கட்டிவிடலாம். ஆனால் கூட்டிய பட்டை, வண்டியில் இருக்கும் வரை பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே கூட்டியிருந்தால் அதைக் கழற்றி, கம்பெனி போட்ட எண்ணிக்கைக்குக் கொண்டுவந்த பிறகு வால்வின் அளவைச் சரிபார்க்கச் சொல்வதே வழி.